நாட்டியம் பயிலச் சென்னைக்கு அனுப்பலாமா: ஒரு தாயாரின் கேள்விக்குப் பதில்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறீர்கள். உங்கள் மகளுக்கு 16 வயது. எட்டு ஆண்டுகளாக உள்ளூரில் பரதநாட்டியம் கற்று, இப்போது பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்திருக்கிறாள். தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது, இனிச் சென்னைக்கு அனுப்புங்கள் என்று அவளுடைய ஆசிரியையே சொல்லிவிட்டார். சென்னையில் ஒரு நடன ஆசிரியர் அவளைச் சேர்த்துக்கொள்ளவும் சம்மதித்திருக்கிறார். அவள் நாளைக்கே கிளம்பத் தயார், உங்கள் கணவருக்கு மனம் ஒப்பவில்லை. அனுப்பலாமா, அனுப்பினால் இங்கிருந்தபடியே எப்படித் துணை நிற்பது என்பது உங்கள் கேள்வி.

ஈரோட்டில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக நடன வகுப்பு நடத்திவருகிறேன். நானும் இதே வயதில் அனுப்பப்பட்டவள்தான். பிறகு என்னிடம் பயின்ற சில பெண்களையும் இரண்டு பையன்களையும் அனுப்பி வைத்திருக்கிறேன். எனவே என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்குத் திறமை இருக்கிறதா என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்; அங்கே ஏதேனும் சரியில்லை என்றால் அதை உங்களிடம் தயங்காமல் சொல்லுவாளா என்பதை வைத்து முடிவெடுங்கள். சொல்லுவாள் என்றால் அனுப்பலாம். சொல்லமாட்டாள் என்று உங்களுக்கே தோன்றினால் இரண்டு ஆண்டு பொறுங்கள். 18 வயதில் மேற்பயிற்சிக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர், பரதநாட்டியத்தில் அது பிந்திய வயதன்று.

நான் ஏன் இதையே முதலில் வைக்கிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. 1994-இல் நான் சென்னைக்குப் போனபோது, விலை ஏறட்டும் என்று இருப்பு வைத்திருந்த மஞ்சளை எங்கள் அப்பா அவசரமாக விற்றுத்தான் விடுதிக்குப் பணம் கட்டினார். அது எனக்குத் தெரியும். என் காதில் விழும்படியேதான் வீட்டில் அதைப் பேசினார்கள். நான்காவது மாதத்தில் இடது காலின் முன்னெலும்பில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், வலி தொடங்கியது. தரையில் பாதத்தைத் தட்டி ஆடும் முதல் அடிப்படை அசைவான தட்டடவில் ஒவ்வொரு தட்டுக்கும் அந்த இடம் மட்டும் சுரீர் என்னும். ஏழு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. இரவில் விளக்கை அணைத்த பிறகு தைலம் தேய்த்துத் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்துவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா தூக்குப்போசி நிறையக் கச்சாயத்துடன் விடுதி வாசலுக்கு வந்தார். அங்கே மூன்று படிகள். நான் அவற்றில் இறங்கி வந்ததைப் பார்த்தவர், போசியைக் கீழே வைத்துவிட்டு, "காலை எதுக்குச் சாமி தாங்கி வெக்கறே?" என்று கேட்டார். சந்தையில் காங்கேயம் மாடுகளை நடக்கவிட்டுப் பார்த்து வாங்கிய மனிதர். ஒரு காலில் பாரம் குறைவதை அவரிடம் மறைக்க முடியாது. அன்றைக்கு எடுத்த எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. எலும்பில் விழும் மயிரிழை முறிவு ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு என்று சொல்லி, மருத்துவர் அழுத்திப் பார்த்தே கண்டுபிடித்து, எட்டு வாரம் ஆடக் கூடாது என்றார். நான் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் வைராக்கியம் அல்ல, மஞ்சள்.

வெளியூரில் பயிலும் பிள்ளைகளுக்கு வரும் தொல்லைகள் பலவும் இந்த வகைதான். பசி, கால் வலி, படிப்பில் பின்தங்குதல், ஒருவருடைய தவறான நடத்தை என எதுவானாலும், முதல் வாரத்திலேயே வெளியே வந்துவிட்டால் கையாள முடியும்; பிள்ளை மறைக்க மறைக்கத்தான் அது வளர்கிறது. ஆகவே கீழே சொல்லப்போகும் ஒவ்வொன்றையும், அவள் எதையும் மறைக்க வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்ற கோணத்திலேயே படியுங்கள்.

படிப்பை எடுத்துக்கொண்டால், நாட்டியத்தையே பட்டப்படிப்பாக எடுப்பதானாலும் பன்னிரண்டாம் வகுப்பு வேண்டும். எனவே பள்ளியை விட்டுவிட்டு ஆடப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆசிரியர் வீட்டுக்கு அருகே ஒரு பள்ளியில் சேர்ப்பது ஒரு வழி. காலையும் மாலையும் பயிற்சி என்றால், தினமும் வகுப்புக்குப் போகாமல் தானே படித்துத் தேர்வெழுதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இன்னொரு வழி: மேல்நிலைக்கு 15 வயது நிறைந்திருந்தால் போதும், பொதுத்தேர்வு ஆண்டுக்கு இரு முறை நடக்கும், ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுகளுக்குள் பாடங்களைப் பிரித்துப் பிரித்தும் எழுதி முடிக்கலாம். கேட்க வசதியாக இருக்கும். ஆனால் அதிகாலையில் எழுப்பி உட்காரவைக்க அங்கே எவரும் இல்லை. தானாகப் புத்தகத்தை எடுக்கும் பழக்கம் இல்லாத பிள்ளைக்கு இது ஒத்துவராது. இரண்டு ஆண்டில் முடித்திருக்க வேண்டியதை நான்கு ஆண்டு இழுத்த பிள்ளையையும் நான் பார்த்திருக்கிறேன்.

சென்னை ஒன்றே வழி என்றும் எண்ண வேண்டாம். ஈரோடு, சேலம், கரூர் ஆகிய ஊர்களில் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. பரதநாட்டியம் உட்படப் பல பிரிவுகளில் மூன்றாண்டுப் பயிற்சி தருகிறார்கள். கோவையை அடுத்த மலுமிச்சம்பட்டியில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. ஈரோட்டிலிருந்து சுமார் 140 கிலோமீட்டரில், திருச்சியில், கலைக் காவிரி நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா, 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கப்பட்டது. அங்கே டிப்ளமோ நான்கு ஆண்டு. எதில் சேர்வதானாலும் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை வாங்கி வயது வரம்பையும் கல்வித் தகுதியையும் நீங்களே படியுங்கள். யாரோ சொன்னதை நம்பிப் போய் வாசலில் நின்றவர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால், இப்போதே ஒரு தனி ஆசிரியரிடம் போவதா, இங்கேயே மேல்நிலையை முடித்துவிட்டு ஒரு கல்லூரிக்குப் போவதா என்பதே உங்கள் முன் இருக்கும் கேள்வி. இங்கே தங்குவதானால் அந்த இரண்டு ஆண்டு வீண் போகாது. கர்நாடக இசை வாய்ப்பாட்டும் தாளமும் கற்றுக்கொள்ளட்டும். தானே பாடி, தானே தாளம் போட்டு ஆடிப் பழகிய பிள்ளை, அங்கே போனபின் மற்றவர்களை எளிதில் எட்டிப் பிடித்துவிடும்.

அடுத்தது ஆசிரியர். பெயரைப் பார்த்து மயங்காமல், ஒரு வகுப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை உட்கார்ந்து பாருங்கள். அவர் எதைத் திருத்துகிறார், எப்படித் திருத்துகிறார், தொட்டுத் திருத்தும்போது சொல்லிவிட்டுத் தொடுகிறாரா, பிள்ளை கால் வலிக்கிறது என்றால் அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதெல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பெற்றோர் ஒருபோதும் உள்ளே வரக் கூடாது என்கிற வகுப்பை நான் ஏற்பதில்லை. தினமும் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை, ஆனால் கதவு தட்டினால் திறக்க வேண்டும்.

இங்கே பாணி என்ற ஒன்றையும் நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். பந்தநல்லூர், வழுவூர், கலாக்ஷேத்ரா என்று ஒவ்வொரு வழிக்கும் நிற்பதிலிருந்தே வேறுபாடு உண்டு. ஊரில் வர்ணம் என்ற நீண்ட, கடினமான உருப்படி வரை ஆடிக் கைதட்டு வாங்கிய பிள்ளையைப் புதிய ஆசிரியர் மறுபடி "தெய்யா தெய்" என்று தட்டடவில் நிறுத்துவார். பக்கத்தில் ஒன்பது வயதுப் பிள்ளை நின்று அதே அடவைச் செய்துகொண்டிருக்கும். முதல் மாதத்தில் அவள் அழுது போன் செய்வது பெரும்பாலும் இதற்காகத்தான் இருக்கும். உடனே ஆசிரியர் அவமதித்துவிட்டார் என்று முடிவு செய்யாதீர்கள். முழங்காலை மடித்துப் பாதி அமர்ந்து நிற்கும் அரைமண்டியில் தொடை இடுப்பிலிருந்து வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். இடுப்பு திரும்பாத அளவுக்குப் பாதத்தை மட்டும் திருப்பி நின்றால், பார்ப்பதற்கு மண்டி அகலமாக இருக்கும், ஆனால் குறைகிற அந்தத் திருப்பம் முழுவதையும் முழங்கால் சுமக்கும். எட்டு ஆண்டு ஊறிப்போன அந்தப் பழக்கத்தைக் கலைக்க ஒரு நல்ல ஆசிரியருக்கு ஆறு மாதமாவது ஆகும். வீட்டில் அவள் பயிற்சி செய்யும்போது பக்கவாட்டில் நின்று பாருங்கள். மண்டியில் முழங்கால் பாதவிரல்களின் திசையிலேயே மடிகிறதா, உள்பக்கமாகச் சரிகிறதா என்பது நாட்டியம் தெரியாதவர் கண்ணுக்கும் தெரியும். சரிந்தால், கிளம்புவதற்கு முன்பே பழைய ஆசிரியையிடம் சொல்லித் திருத்தத் தொடங்கலாம்.

அந்தப் பழைய ஆசிரியையிடம் முறையாக விடைபெறச் சொல்லுங்கள். வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து, வீட்டுக்கே போய், காலில் விழுந்து கும்பிட்டு வரட்டும். நம் ஊரில் வகுப்பு மாறும் பிள்ளைகள் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். அது தேவையற்ற மனக்கசப்பு. நாளைக்கு அவள் திரும்பி வந்தால், அந்த வீட்டுக் கதவும் திறந்திருக்க வேண்டும்.

மாலை வகுப்பு முடிந்தபின் அவள் யாருடைய கண்ணில் இருக்கிறாள் என்பதற்கு விடை கிடைக்காதவரை ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள். சென்னையில் இருக்கும் சித்தி வீடு பலருக்கும் முதலில் தோன்றும் விடை. நல்ல சித்தி என்றால் அதற்கு ஈடு இல்லை. ஆனால் சில வீடுகளில் மூன்றாவது மாதத்திலேயே பாத்திரமும் குழந்தைகளின் வீட்டுப்பாடமும் அவள் தலையில் வந்துவிடும், உறவு கெட்டுவிடும் என்று அவள் சொல்லவும் மாட்டாள். மாதம் இவ்வளவு என்று பேசிக் கொடுத்துவிட்டால் இரு தரப்புக்கும் கூச்சம் குறையும். விடுதி என்றால், பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கான தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று 2014-இலிருந்து இருக்கிறது; அதன்படி உரிமம் பெற்றதா என்று கேளுங்கள், காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். 18 வயது நிறையாத பிள்ளையைச் சேர்க்கும் விடுதி, காப்பாளர் யார், இரவில் யார் தங்குகிறார் என்பதைச் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

கூச்சத்தை விட்டுப் பேச வேண்டிய ஒன்றும் இருக்கிறது. நடனம் உடலைத் தொட்டுக் கற்பிக்கும் கலை, குரு பக்தியை உயர்வாகப் போற்றும் கலை. இந்த இரண்டையும் கேடாகப் பயன்படுத்துகிறவர்கள் எந்தத் துறையிலும் இருப்பதுபோல் இங்கேயும் இருக்கிறார்கள். தனியே கதவடைத்த வகுப்பு, இரவில் வரும் வாட்ஸ்அப் செய்தி, 'வீட்டில் சொல்லாதே' என்ற சொல், மூன்றில் எது வந்தாலும் அன்றே உங்களிடம் சொல்ல வேண்டும் என்று கிளம்பும் முன் அவளிடம் இன்னின்னது என்று பெயர் சொல்லியே பேசுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. அதன்படி தெரிந்தவர் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அவளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும். சொன்னால் நாட்டியத்தை நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்திலேயே பெண் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். 'நீ சொன்னால் ஆசிரியரை மாற்றுவோம், ஆட்டத்தை நிறுத்தமாட்டோம்' என்று உங்கள் கணவர் வாயாலேயே அவள் கேட்க வேண்டும்.

உடம்பைப் பற்றி நான் மேலே சொன்னதோடு இன்னும் கொஞ்சம். தசை முழுவதும் கனத்து வலித்தால் அது பயிற்சியின் வலி, இரண்டு நாளில் போய்விடும். எலும்பில் ஒரே புள்ளியில் வலித்தாலோ, இரவில் படுத்தபின்னும் வலித்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். தரையையும் பாருங்கள்; சிமெண்டிலும் கிரானைட்டிலும் தினமும் மூன்று மணி நேரம் தட்டுகிற கால் எத்தனை நாள் தாங்கும்? மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் இருந்தால் 'ஆடுகிற பிள்ளைக்கு அப்படித்தான்' என்று விடாதீர்கள். செலவழிக்கிற சக்திக்குத் தக்க சாப்பாடு உள்ளே போகவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம், எலும்பு பலவீனமாவதும் அதோடு சேர்ந்தே வரும். உடல் மெலிவதை மேடை அழகு என்று பாராட்டுகிற பேச்சு இந்த உலகில் உண்டு, அது அவள் காதிலும் விழும். விடுதிச் சாப்பாட்டை மட்டும் நம்பாமல் கொள்ளுப்பொடி, வறுத்த நிலக்கடலை, எள்ளுருண்டை, நாட்டுச்சர்க்கரை போட்ட ராகி மாவு என்று மாதத்துக்கு ஒரு பெட்டி அனுப்புங்கள். காலை வகுப்புக்கு வெறும் வயிற்றோடு போகாமல் இருக்க ஒரு கைப்பிடி கடலையே பெரிய உதவி.

பணத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: அரங்கேற்றம். நட்டுவாங்கம் (தாளம் தட்டி ஆட்டத்தை நடத்துவது), பாட்டு, மிருதங்கம், வயலின், ஒப்பனை, நகை, உடை, மண்டப வாடகை, வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று அது ஒரு சிறிய கல்யாணமாகவே ஆகிவிட்டது. இரண்டு ஆண்டு வகுப்புக்கும் விடுதிக்கும் வைத்த பணம் ஒரே மாலையில் கரைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். போன இடத்தில் முதல் ஆண்டிலேயே அரங்கேற்றம் என்று யாரேனும் அவசரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள். உதவித்தொகையைப் பொறுத்தவரை, மத்திய அரசின் பண்பாட்டு வளங்கள் பயிற்சி மையம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தருவது 10 முதல் 14 வயதுக்குள் விண்ணப்பிப்பவர்களுக்கானது. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள். 18 முதல் 25 வயது வரையுள்ள இளங்கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுக்குத் தரும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று உண்டு. அதை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். செலவுக் கணக்கு அவளுக்கும் தெரியட்டும், அதில் தவறில்லை. ஆனால் எதை விற்று அனுப்புகிறீர்கள் என்பதை அவள் முன் பேசாதீர்கள்.

அவளோடு பேசும்போது 'நல்லா இருக்கியா' என்று கேட்டால் 'நல்லா இருக்கேன்' என்றுதான் பதில் வரும். இன்றைக்கு எந்த அடவு, அதில் எது வரவில்லை, இரவு என்ன சாப்பாடு, பக்கத்தில் உட்கார்ந்தது யார் என்று கேளுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து அதே பதில்கள் ஒரே வரியில் வந்தால், கேட்டுக்கொண்டிருக்காமல் கிளம்பிப் போங்கள். ஈரோட்டில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது சென்னையில் இருக்கலாம். முதல் ஆறு மாதம் மாதத்துக்கு ஒரு முறை, நீங்களும் கணவரும் மாறி மாறிப் போய் வாருங்கள். போனால் அவள் நடப்பதைப் பாருங்கள்.

உறவினர் பேச்சைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். கோயில் திருவிழாவில் வள்ளி கும்மிக்குப் பேத்தி அடியெடுத்து வைத்தால் ஊரே நின்று பார்த்து மகிழ்கிறது. வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்ரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது கொங்கு நாடே கொண்டாடியது. அதே ஆட்களுக்குப் பெண் பிள்ளை பரதத்தைத் தொழிலாக எடுத்தால் மட்டும் ஏன் முகம் சுருங்குகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர்களோடு வாதாடிப் பயனில்லை. ஆனால் 'பாத்துக்கலாம், எத்தனை நாள் தாங்குதுன்னு' என்று அப்பாருவோ பெரியப்பாவோ அவள் காதுபடச் சொன்னால், அங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுப் போகிற பிள்ளை, திரும்பி வருவதைத் தோல்வி என்று நினைத்துக்கொண்டுதான் வண்டியேறும்.

ஆகவே இந்த விடுமுறையிலேயே மூன்று வாரம் அவளைச் சென்னையில் அந்த ஆசிரியரிடம் வையுங்கள். முதல் வாரம் நீங்கள் கூடவே தங்குங்கள், அடுத்த இரண்டு வாரம் அவள் தனியே இருக்கட்டும். அவள் திரும்பி வந்து என்னென்ன குறைகள் சொல்லுகிறாள் என்று கேளுங்கள். ஒரு குறையும் இல்லை என்றால், நான் கொஞ்சம் கவலைப்படுவேன். நான்கைந்து குறைகளைச் சொல்லிவிட்டு, இருந்தாலும் போகிறேன் என்றால் அனுப்பலாம்.

அனுப்பும்போது அவள் கையில் ஊர் திரும்பும் கட்டணத்தைத் தனியாகக் கொடுங்கள். கால் வலியோடு என்னைக் கண்டுபிடித்த அன்று, என் அப்பா ஒரு பழுப்புநிறக் கவரில் ரயில் கட்டணத்துக்குச் சரியான பணத்தை வைத்து, "இதை வேற எதுக்கும் எடுக்காதே. வரோணும்னு தோணுனா யாரையும் கேக்காம வண்டியேறு" என்றார். அந்தக் கவர் நான்கு ஆண்டும் என் பெட்டியின் அடியிலேயே இருந்தது. கட்டணம் ஏறியபோதெல்லாம், வந்து போகையில் எனக்குச் சொல்லாமல் அதில் ஒரு நோட்டைக் கூடுதலாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.